இடது தோள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. குட்டி இப்போதுதான் என் இடது தோளில் தூங்கினாள். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாதது தப்புதான். கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். ரொம்ப நாள் இருந்தால் கிருமி தொற்றுமாம். கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்துவிட்டால், பிறகு டயாலிசிஸுக்கு அங்கேயே ஊசி போடலாமாம். எந்தக் கை என்பதில்தான் குழப்பம். கிட்னி டாக்டர் இடது என்கிறார். ஆபரேஷன் டாக்டர் வலது என்று எழுதிவிட்டார். ஸ்கேன் டாக்டரோ வலது கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். மூவருமே நல்லவர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது? 25ஆம் தேதி ஆபரேஷன்.

உன் தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

குட்டி பிறந்ததையே யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது இது. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

மூன்று டாக்டரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாயா? சின்ன வயதில் அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று சொல்லி அவர்களை மோதவிட்டு, நீ மூலையில் அழுதுகொண்டிருப்பாய். மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேள்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

சரியாகப் பிடித்துவிட்டாய். "குட்டி இடது தோள்லதான் தூங்குவா, அந்தக் கை வேண்டாம் டாக்டர்" என்று ஆபரேஷன் டாக்டரிடம் மட்டும் கெஞ்சியிருந்தேன். மற்ற இருவரிடம் மூச்சுவிடவில்லை. டயாலிசிஸ் நர்ஸம்மாதான் மூவரையும் ஒரே மேஜைக்கு வரவழைத்தார்.

ஸ்கேன் டாக்டர், "வலது கை ஊசி குத்திக் குத்தியே வீணாயிடுச்சு. இடது மட்டும் எப்படிம்மா இவ்ளோ நல்லா இருக்கு?" என்றார்.

"ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் இடது இடுப்புல பிள்ளை. நீட்ட வலது கைதானே சும்மா இருந்துச்சு?" என்றார் நர்ஸம்மா. "பொறந்ததுலேருந்து எட்டு மாசமா அந்தக் கைக்கு இவங்க பொண்ணுதான் காவல்."

ஆபரேஷன் டாக்டர் வலது என்பதை அடித்து இடது என்று எழுதினார்.

இப்போது மூவருக்கும் ஒரே முடிவு. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. ஆறு வாரம் அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது. அப்புறமும் குட்டியின் தலை அதில் அழுந்தக் கூடாது. நேற்று வலது தோளில் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் தாவப் பார்த்து, முடியாமல் என் தாடையைக் கடித்தாள். அவள் காத்துக் கொடுத்த கையை அவளிடமிருந்தே பிடுங்குகிறேனோ?

இந்த முறை முழுசாகவே சொல்லிவிடுகிறேன். குட்டியின் அப்பாவுக்கு ஷிப்ட் மாற்றித் தரவில்லை. வேறு ஆள் இல்லை. நீ இன்னும் அவளைத் தூக்கியதே இல்லை. அந்த ஆறு வாரமும் வந்து தூக்கிக்கொள்வாயா?

சீக்கிரம் பதில் போடு அக்கா.

உன் தங்கை