வண்டியிலிருந்து இறங்கிய மாமாவுக்கு

என் பிரியத்துக்குரிய மாமா,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "வேண்டாம் மாமா, நீங்களே போய் வாருங்கள்" என்பதுதான் அது. மாதா கோயில் வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் மருமகள் அதைச் சொல்வாள் என்று என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குப் போக ஆசையாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. நீங்களும் நான் சொல்வேன் என்று காத்திருக்கவில்லை.

உங்கள் பேபி கார் மறுபடியும் புறப்படத் தயாராகிறது, மாமா. சாந்தோம் வீட்டு வாசலில் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டு மெக்கானிக் முனுசாமி உட்கார்ந்திருக்கிறான். சண்டைக் காலத்தில், மேலே பறக்கிற விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாதென்று விளக்குகளுக்குப் பூசிய கறுப்புச் சாயத்தை நான் பிளேடால் சுரண்டி எடுத்தேன். அடியில் கண்ணாடி புதிதாகவே இருக்கிறது. பெட்ரோலுக்கு இன்னும் கூப்பன்தான். உங்கள் மகன் பட்டாளத்திலிருந்து நல்லபடியாகத் திரும்பிவிட்டார். அங்கே என்ன போட்டார்களோ, ஆள் உங்கள் பருமனுக்கு வந்துவிட்டார். உங்கள் சட்டைகள் அவருக்குச் சரியாக இருக்கின்றன.

முதல் பயணத்துக்கு நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? திருநெல்வேலிப் பக்கத்துத் தொழுநோய் இல்லத்துக்குக் கம்பளியும் பால்பவுடரும் கட்டுத் துணியும் போக வேண்டும். ரயிலில் பட்டாளச் சாமான் போகவே இடமில்லை. நம் காரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கோயிலில் எழுந்து சொன்னவர் நீங்கள். பின் சீட்டைக் கழற்றினோம். பாரம் தாங்க, வண்டிக்கு அடியிலுள்ள இரும்பு வில்லுக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தோம். முன்னால் தொங்கவிடக் கான்வாஸ் தண்ணீர்ப்பை வந்தது. நீங்கள் ஓட்டுவது, உங்களுக்குக் களைப்பானால் நான் ஓட்டுவது என்று பேச்சு. உங்கள் மகன் பட்டாளத்துக்குப் போகுமுன் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்து, லைசென்ஸும் வாங்கித் தந்திருந்தார்.

அது வரைக்கும் எல்லாம் சரி. கார் தெற்கே போகிறது என்று தெரிந்ததும் நம் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பாவிட்டால் நம் ஜனங்களுக்குத் தூக்கம் வருமா? தூத்துக்குடி அக்காவுக்கு ஊறுகாய் ஜாடி. பாளையங்கோட்டைச் சித்திக்கு அச்சுமுறுக்கு அச்சு. ஞானஸ்நானச் சட்டை. ஓர் ஆர்மோனியம். கடைசியில் ஒருவர் அம்மிக்குழவியோடு வந்து நின்றார். திருநெல்வேலியில் கல்லே கிடையாதா என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார்கள். நீங்கள் அதையும் இரண்டு கையாலும் வாங்கி வைத்தீர்கள். உங்களுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது.

புறப்படும் அன்று பூசை முடிந்து சாமியார் காருக்குத் தீர்த்தம் தெளித்தார். முனுசாமி தன் பங்குக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். சாமியார் அதைப் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வண்டியைக் கிளப்பினீர்கள். உங்கள் பக்கத்துச் சக்கரம் மட்கார்டில் உரசிக் கிறீச்சென்றது. இரண்டு முழம்கூட நகர்ந்திருக்க மாட்டோம்.

முனுசாமி குனிந்து பார்த்தான். "இன்னா நைனா, இது காரா, கூட்ஸ் வண்டியா? பொட்டலத்த எறக்கு, இல்லாங்காட்டி நீ எறங்கு. ரெண்டையும் தாங்காது."

கொடுத்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள். யாரும் தன் பொட்டலத்தின் பக்கம் கையை நீட்டவில்லை. நீங்கள் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கை நீட்டி வாங்கிட்டேனேடா, எப்படித் திருப்பிக் குடுக்கறது? நான் எறங்கிக்கிறேன்" என்றீர்கள்.

ஒரு வருஷமாக அந்தப் பயணத்தைத் தவிர வேறு பேச்சில்லாமல் இருந்தவர் நீங்கள். வழியில் உள்ள ஊர்களை ஜெபமாலை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தவர். நீங்கள் இறங்கியதும் வண்டி ஒரு சாண் எழும்பியது. கார் பெருமூச்சு விடுகிறது என்றார்கள் அத்தை. சிரித்து முடிப்பதற்குள் அவர்களையே எனக்குத் துணையாக ஏறச் சொன்னீர்கள். அவர்கள் எடை உங்களில் பாதி இருக்குமா? மாற்றுப் புடவைகூட இல்லாமல் ஏறி உட்கார்ந்தார்கள்.

கூட்டத்தில் ஒருவர், "பொம்பளையா ஓட்டப் போவுது, அவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"எனக்கு எடை ஜாஸ்தி. அவளுக்கு லைசென்ஸ் இருக்கு" என்றீர்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

குழவியை வாங்கும்போதே உங்களுக்குத் தெரியுமா, மாமா? முந்தின நாள் அடையாறு பாலம் வரை நீங்களும் முனுசாமியும் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அப்போதே வண்டி தாங்காது என்று புரிந்துவிட்டதா? முனுசாமியைக் கேட்டால் சிரிக்கிறான். பெரியவரைக் கேட்டிருக்க வேண்டியதை என்னிடம் கேட்காதே என்கிறான்.

இதையெல்லாம் நாலு பேர் படிக்க எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் அடக்கத்தன்று பேசியவர்கள், நீங்களே காரோட்டிப்போய் இல்லத்துக்குச் சாமான் கொடுத்ததாகப் பேசினார்கள். அன்று வாசலில் நின்று பார்த்தவர்களே அப்படிப் பேசினார்கள். உங்களைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஓட்டியதாகச் சொல்லிவிட்டால், இறங்கியது மறைந்துபோகிறதே? வாழ்க்கையில் எனக்கு விட்டுக்கொடுத்தவர்கள் பலர். ஆனால் தான் ஆசைப்பட்ட ஒன்றைச் சிரித்த முகத்தோடு என் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிப் பிறகு ஒரு தடவைகூடப் பேசாதவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த வாரம் புறப்படுகிறோம். பொட்டலங்கள் வரத் தொடங்கிவிட்டன. இந்த முறையும் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன், மாமா. வண்டி தாங்காவிட்டால் உங்கள் மகன் வீட்டில் இருந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று நடந்தது இதுதான். கார் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொட்டலங்கள் எல்லாம் உரியவர் கைக்குப் போயின. மாதா கோயில் வாசலிலிருந்து இல்லத்து வாசல் வரை வண்டியை ஓட்டியது நான்.

உங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள்,
மருமகள் ஸ்டெல்லா