ரோமில் எழுதாமல் வந்த சொல்

இன்று காலை பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். இனயத்தில் அது ஒரு விஷயமே இல்லை. கடற்கரையை ஒட்டிய எந்தத் தெருவிலும் எழும் மணம்தான். ஆனால் நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். மற்றவர்களுக்கு அந்த மணத்தில் சோறும் பசியும் நினைவுக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் ரோம் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிதான் வருகிறது. நீ இத்தனை வருடங்களாக ஏறி இறங்கிய படி. உன்னை அடக்கம் செய்து முடித்த பிறகு நான் போய் ஏறிய படி.

நீ இறந்த செய்தி வந்தபோது என்னிடம் விசா இல்லை. அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "இனி அங்க போயி என்னத்தப் பாக்கப் போற?" என்று சித்தி கேட்டாள். அப்பாவைக் கடல் கொண்டுபோய், நீயும் வீட்டு வேலைக்கென்று ரோமுக்குப் புறப்பட்ட பிறகு, இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். "உயிரோட இருந்தப்பவே உன்ன ஒரு தடவ வான்னு கூப்பிடல்ல அவ. செத்த பொறவு போறியா?" என்றாள். துணைக்கு வருகிறேன் என்ற கணவரையும் வேண்டாமென்றேன். நான் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் காலாண்டு விடுமுறை விட்டதும் திருவனந்தபுரத்தில் தனியாக விமானம் ஏறினேன்.

நீ வேலை பார்த்த வீட்டுப் பெண் ஜூலியா தன் வீட்டில் தங்கச் சொன்னாள். நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்த அன்று அவளிடம் சொல்லாமலே ஊரைச் சுற்றினேன். ஊர் பார்க்க வந்தவர்கள் இடிந்த மண்டபங்களுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் காய்கறிச் சந்தையில் நின்றேன். இதில் எந்தக் கடையில் நீ தக்காளி பொறுக்கியிருப்பாய், எந்தக் கடைக்காரனிடம் பேரம் பேசியிருப்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவோரக் குழாய்களில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "அங்க தெருவுல கொழாய் வெள்ளம் சும்மா போவும் மக்கா, அடைக்க ஒரு ஆளு கெடையாது" என்று லீவுக்கு வந்த ஒரு டிசம்பரில் நீ சொல்லியிருக்கிறாய். நான் ஒரு குழாயில் குனிந்து குடித்தேன். நல்ல தண்ணீர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் ஏதாவது ஒன்று மோசமாக இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஜூலியா வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையாக நீ ஏந்தி வளர்த்த பெண். உன் போன்பேச்சில் எப்போதும் அவள் 'அந்தப் பிள்ள'. பெற்றவளுக்கு நாடு நாடாகச் சுற்றுகிற உத்தியோகம் என்பதும், தகப்பன் வேறு குடும்பத்தோடு இருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். வேறொன்றும் தெரியாது. இரண்டாம் மாடி திரும்பும்போதே கருவாட்டு மணம் வந்துவிட்டது. ஏதோ தப்பான இடத்துக்கு, அல்லது ரொம்பச் சரியான இடத்துக்கு வந்துவிட்டதுபோலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தவள் நல்ல உயரம். செம்பட்டை முடி. "வந்தியா? கேறி வா, வெளிய நிக்காத" என்றாள்.

உன் குரல் இல்லை அது. ஆனால் உன் பேச்சு. அந்த இழுப்பு, அந்த ஏற்ற இறக்கம், நம் கடற்கரையைத் தாண்டினால் மற்ற ஊர்க்காரர்கள் கேட்டுச் சிரிக்கிற அதே ராகம். நான் ஆங்கிலத்தில் பேசத் தயாராகி வந்திருந்தேன். அவளோ 'எனக்க அம்மா, உனக்க அம்மா' என்று பேசிக்கொண்டே நடந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போய் அணைத்தவள் தன்னையறியாமல் "சவம்!" என்று ஏசினாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு?" என்றாள்.

"இந்தச் சொல்லு யாரு பழக்கினது?"

அவள் சிரித்தாள். "அம்மா எப்பளும் என்ன அப்படித்தானே ஏசும். 'ஏட்டி சவமே, ஒழுங்கா இருந்து தின்னு.' ஒரு நாளு கையப் பிடுங்கிட்டு ரோட்டுல ஓடுனேன், ட்ராம் வந்துச்சு. இழுத்துப் போட்டு அடிச்சுது பாரு, இங்க." தொடையைத் தொட்டுக் காட்டினாள். "பொறவு முட்டுப் போடச் சொல்லிச்சு. அம்மாவும் கூட முட்டுப் போட்டு அழுதுச்சு."

எத்தனை சந்தோஷமாகச் சொன்னாள் தெரியுமா. அந்தத் தழும்பில்லாத தொடையை எனக்கு ஒரு நகைபோலக் காட்டினாள்.

நீ என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. ஏசியதும் இல்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டி நிறைய சாக்லேட்டும் சோப்பும் உடுப்பும் கொண்டுவந்து, ஒரு விருந்தாளியின் பிள்ளையிடம் பழகுவதுபோல என்னிடம் பழகினாய். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தாயே, நினைவிருக்கிறதா? நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் துணி அலக்கும் கல்லில் வைத்துத் தேங்காய் உடைப்பதுபோல இன்னொரு கல்லால் உடைத்தேன். சித்தி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த வாரியலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நீ அவளைத் தடுத்து, என் தலையைத் தடவி, "போட்டும் மக்கா, வேற வாங்கலாம்" என்றாய். சித்தியிடம் அன்று அடி வாங்கியிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பேன். எனக்கு வேண்டியது உன் அடி. எழுந்து வந்து, கோபத்தில் முகம் சிவந்து, என் கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குவாய் என்று காத்திருந்தேன். நீ சிரித்தாய்.

யாரை வேண்டுமானாலும் கொஞ்சலாம். ஏச்சு நம் பிள்ளைக்கு மட்டும்தான். உன் ஏச்சு முழுவதும் அந்த மாடி வீட்டில் செலவாகியிருக்கிறது என்று அன்று தெரிந்தது.

ஜூலியா சோறு போட்டாள். தேங்காய் அரைத்த கருவாட்டுக் குழம்பு, நன்றாகவே இருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் இந்த மணத்துக்காக உன்னோடு சண்டை போட்ட கதையைச் சொன்னாள். கடைசி மாதங்களில் உன்னைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது எல்லாம் சொன்னாள். நோய் இருந்ததையே நீ என்னிடம் சொல்லவில்லை. "நல்லா இருக்கேன் மக்கா" என்றுதான் போனில் சொன்னாய்.

"ஊருக்குப் போணும்னு செல்லலியா?" என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். "நான் கேட்டேன். இங்கியே இருந்துடுதேன்னு செல்லிச்சு."

வீட்டுக்கு மேல் உனக்கென்று ஒரு அறை கட்டி, கடல் தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்து, வருடா வருடம் வெள்ளையடித்தேன். எப்போது வருகிறாய் என்று கேட்டால், "பிள்ளைக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும், வந்துடுதேன்" என்பாய். எந்தப் பிள்ளைக்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி எத்தனையோ வருடமாகியிருந்தது.

நான் திரும்புவதற்கு முந்தின நாள் மதியம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே மண்ணில் இல்லை நீ. உயரமான சுவரில் அடுக்கடுக்காக அறைகள். அதில் ஒன்றில் வைத்துச் சிமென்ட் பூசியிருந்தார்கள். மற்ற அறைகளுக்கெல்லாம் சலவைக்கல் மூடி, பெயர், பூச்செண்டு. உன்னுடையதில் காகிதம் ஒட்டியிருந்தது. "கல்லு வைக்கல்ல. நீ வந்து எழுதணும்னு காத்திருந்தேன்" என்றாள் ஜூலியா.

எதிரிலேயே கல் வெட்டுகிறவரின் கடை. அவர் ஒரு தாளும் தடித்த பேனாவும் தந்தார். எழுத்து எதுவானாலும் அப்படியே பார்த்து வெட்டிவிடுவாராம். ஜூலியா என் தோளை உரசிக்கொண்டு நின்றாள். "அம்மா எனக்குப் பேசத்தான் படிப்பிச்சு, எழுதத் தெரியாது. நம்ம அம்மான்னு எழுது, என்ன?"

உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே இனயம் என்று எழுதினேன். பேனாவை மூடினேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் விரலை வைத்துத் தேடினாள். "இதுல அம்மா எங்க?"

"இல்ல."

"ஏன்?"

"பேரும் ஊரும் போதும்."

என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் நானும் முப்பது வருடத்தைக் கொட்டியிருப்பேன். கடைக்காரர் அவளிடம் ஏதோ கேட்டார். அவர்கள் பாஷையில் அந்தச் சொல்லைச் சேர்க்கவா என்று கேட்டிருக்கிறார். அவள் தலையசைத்து மறுத்தாள். "நீ எழுதலேன்னா நானும் எழுதல்ல. நீதான் மூத்தவ" என்றாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நல்ல குணத்தையும் நீதானே ஏசி ஏசி வளர்த்திருக்கிறாய்.

கல் வைத்தாயிற்று. நான் ஊர் திரும்பிய பிறகு ஜூலியா போனில் படம் அனுப்பியிருந்தாள். கடைக்காரர் சுத்தமாக வெட்டியிருக்கிறார். நம் ஊர்ப்பெயரின் வளைவுகள்கூடப் பிசகவில்லை. "என்றாவது இந்தக் கோபம் ஆறும், அப்போது எழுதாமல் விட்டதற்கு வருந்துவாய்" என்கிறார் என் கணவர். ஆறட்டும், அப்போது பார்க்கலாம். இதுவரை வருந்தவில்லை.

தாளில் எழுதாத, உன்னைக் கூப்பிட எனக்கு அதிகம் வாய்க்காத அந்தச் சொல்லை அந்தச் சுவரில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. கொண்டுவந்துவிட்டேன். இந்த மடலிலும் ஓரிடத்திலாவது உன்னை அப்படி அழைத்திருக்கிறேனா பார். வீட்டில் ஆளில்லாத நேரத்தில், மேல் அறையில் போய் நின்று, சில சமயம் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். கூப்பிடுவதுபோல் அல்ல. ஏசுவதுபோல்.