ராஜினாமா செல்லாது

ஊசிப் படையின் மாபெரும் தளபதி, என் அக்கா மகள் வாண்டுக்கு, உடம்பு முழுக்க நலமும் வாய் முழுக்க வம்புமாக மாமா எழுதுவது.

அம்மாவுக்குத் தெரியாமல் திருத்தித் தரச் சொல்லி நீ அனுப்பிய ராஜினாமாக் கடிதம் வந்தது. என் நீதிமன்றத்தில் பதினேழு முறை விசாரித்தேன். செல்லாது. கையெழுத்துக்குக் கீழே 'பயிற்சி மாணவி' என்று போட்டிருக்கிறாய்! நீ ஸ்டாஃப் நர்ஸ் ஆகி மூன்று வாரம் ஆகிறது. மாணவி எப்படியம்மா வேலையை விடுவாள்?

இங்கே உன் அம்மா, நீ சீருடையில் நிற்கிற படத்தைத் தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை காட்டிவிட்டாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே காட்டினாள்.

சரி, உன் காரணத்துக்கு வருகிறேன். படித்த நாலு வருடமும், ஊசியில் மருந்தை ஏற்றியதும் பின்னால் நிற்கும் டீச்சர் "ம்" என்பார், பிறகுதான் போடுவாய். திங்கட்கிழமை முதல்முறையாகத் தனியாக ஐந்தாம் படுக்கை முன்னால் ட்ரேயோடு நின்றாய். "ம்" வரவில்லை. பத்து நிமிஷம்! அதற்குள் நான் இரண்டு கல்யாணம் நடத்தி முடித்திருப்பேன். படுத்திருந்த லாரி டிரைவரே, "யாருக்கும்மா காத்துக்கிட்டிருக்க? நான் வேணா போடச் சொல்லட்டுமா?" என்றாராம். வார்டே சிரித்ததாம். வார்டின் தலைமை சிஸ்டர் வந்து, "ஏம்மா, இன்னும் காலேஜ்லயா இருக்க? உன் பின்னால இனிமே யாரு வந்து நிப்பாங்க?" என்று கேட்டாராம். கேட்டால் யாருக்கும் அழுகை வரும்தான்.

ஆனால் கடிதத்தின் கடைசி மூலையில் எறும்பெழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறாயே! ரத்தம் உறையாமலிருக்கப் போடும் அந்த ஊசியின் அளவை டாக்டர் அன்று காலையில்தான் பாதியாகக் குறைத்திருந்தார். நீ ஏற்றியிருந்தது பழைய அளவு. நின்ற இடத்திலேயே சார்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மூன்றாம் தடவை கண்டுபிடித்து, அதைக் கொட்டிவிட்டு, சரியானதை ஏற்றிப் போட்டாய். யாரும் சொல்லித் தரவில்லை. இதை முதல் வரியில் எழுத உனக்கென்ன கேடு, திருடி?

முதல் தடவையே ஏன் பார்க்கவில்லை என்றுதான் உனக்கு நடுங்குகிறது. புரிகிறது. அந்த டிரைவருக்கு அது தெரியாது. அவர் இந்நேரம் வீட்டுக்குப் போய் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார்.

இன்னும் ஒரு மாதம் பார். அப்புறமும் போதுமென்றால், கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், வந்து பெட்டியையும் தூக்குகிறேன். அம்மாவிடம் அடி வாங்குவதும் என் பொறுப்பு.

ஊசி என்றாலே ஏழு தெரு தாண்டி ஓடுகிறவன் நான். என்றைக்காவது என்னைப் பிடித்துப் படுக்கவைத்தால், மூன்று தடவை பார்க்கிற கைதான் எனக்கு வேண்டும்.

நன்றாக இரு, வாண்டு. முடிந்தால் அங்கேயே இரு.

உன் மாமா