கால் எட்டாத வண்டி

மே மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கார்னி அண்ணாவுக்கு,

அகத்தா எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக, ஒன்றைக்கூட அழகுபடுத்தாமல் எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறேன். நம் வீட்டில் யாராவது ஒருவர் அப்படி எழுத வேண்டும். உன் தொலைபேசி எண் மாறிவிட்டது, புது எண் யாரிடமும் இல்லை. நீ வேலை செய்யும் முகாமின் முகவரியை உன் நண்பன் டெர்க்கிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். வடக்கே இன்னும் பனி உருகவில்லை என்றான். உன் கால் குளிரில் வலிக்கிறதா? எலும்பில் வைத்த தகட்டை எடுத்துவிட்டார்களா, அப்படியே இருக்கிறதா?

இங்கே எல்லோரும் சுகம். விதைப்பு முடிந்துவிட்டது. ஆறு இந்த வருஷம் சாலைவரை ஏறவில்லை. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. அப்பா பரிசுப் புத்தகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "நல்ல கனம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வருத்தமில்லை, அவருக்கு நெட்டாவைப் பற்றிய யோசனை.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நெட்டாவுக்குப் பத்து வயதாகிவிட்டது. கியர் இல்லாத குட்டி மோட்டார் வண்டியில் இப்போது அவள் முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது. கியர் வண்டிக்கு மாறும் நேரம் வந்துவிட்டது என்று அப்பா சொன்னார். சொன்ன அன்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். நீ போன பிறகு அதை நான் பார்த்ததில்லை. நெட்டாவும் பார்த்தாள்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை ரெம்பெல் கடைக்குப் போனோம். நான் வழக்கம்போலத் தயாராகப் போனேன். நூலகத்தில் கிடைத்த இரண்டு கையேடுகளைப் படித்து, அம்மாவின் தையல் நாடாவையும் எடுத்துக்கொண்டேன். ரெம்பெல் சிவப்பாக ஒரு சின்ன வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அப்பாவிடம், "ஐசக், இதுல நாலு கியர். கிளட்ச் பிடிக்கவே வேண்டாம், காலால தட்டினாப் போதும். வேகமும் மெதுவாத்தான் ஏறும். விழுந்தா பிள்ளையே தூக்கி நிறுத்திக்கும். முதல் கியர் வண்டின்னா இதான்" என்றார். நெட்டா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. "அக்கா, பாரேன், குதிகால்கூடப் படுது!" என்று கத்தினாள்.

அப்பா சூரியகாந்தி விதையை மென்றுகொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். தோலை உள்ளங்கையில் துப்பினார். "அடுத்த வருஷம் இது பொம்மை. வளர்ற பிள்ளைக்கு வளர்ற அளவுல எடுக்கணும், பூட்ஸ் எடுக்கற மாதிரி" என்றார். ரெம்பெல் சிரித்து, "பூட்ஸ் பெருசுன்னா உள்ள பஞ்சு வைப்ப. வண்டி பெருசுன்னா எதை வைப்ப?" என்று கேட்டார். "தைரியத்தை" என்றார் அப்பா. கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான். கட்டுரையில் வந்திருந்தால் நானே அடிக்கோடிட்டிருப்பேன்.

எண்பத்தைந்து சிசி பந்தய வண்டியை வாங்கினார். நீ ஓட்டினாயே, அதே வகைதான், அளவு மட்டும் சின்னது. கொஞ்சம் முறுக்கினால் சும்மா முனகும், இன்னும் கொஞ்சம் முறுக்கினால் கழுதை உதைத்த மாதிரி பாயும். நெட்டாவை அதன்மேல் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. அவள் கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. நான் நாடாவை வைத்து அளந்தேன். கால் நுனிக்கும் தரைக்கும் நடுவே என் கை ஒரு சாண் தாராளமாக நுழைந்தது. அப்பாவிடம் சொன்னேன். "உன் புத்தகத்தைப் படிச்சா அவ காலு நீளுமா?" என்று கேட்டுவிட்டு என் தலையைத் தடவினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவர் ஒன்றும் செய்யாமலில்லை, அதையும் உண்மையாக எழுத வேண்டும். அம்மாவின் ரொட்டிக் கத்தியால் சீட்டின் நுரையைச் செதுக்கினார். மறுநாள் ரொட்டியில் நுரையின் மஞ்சள் துகள் ஒட்டியிருந்தது. அம்மா அதைத் தட்டிவிட்டுப் பரிமாறினாள். பின்சக்கர ஸ்பிரிங்கையும் தளர்த்தினார். அப்புறம் ஒரு மரக்கட்டை செய்தார். பந்தயம் தொடங்கும் கதவருகே குள்ளப் பிள்ளைகள் ஒரு காலை ஊன்றி நிற்பார்களே, அந்தக் கட்டை. மூன்று நாள் தேய்த்தார், நீல வர்ணம் அடித்து நெட்டாவின் பெயரை எழுதினார். நம் மைதானத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கட்டை உண்டு, நெட்டாவுடையதுதான் அழகு. ஆனால் அண்ணா, அந்தக் கட்டை புறப்படுகிற இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. வழியில் எங்கேயும் இல்லை.

இப்போது மாலைதோறும் தரிசு நிலத்தில் பயிற்சி. அப்பா வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடித் தள்ளி விடுகிறார். அவள் சுற்றுகிறாள், சுற்றுகிறாள், சுற்றிக்கொண்டே இருக்கிறாள். நிறுத்த வேண்டுமானால் அப்பா கன்றுக்குட்டியை மறிக்கிற மாதிரி கைகளை விரித்து நின்று கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். போன வாரம் விதை விற்பவர் வந்து அவரைப் பேச்சில் இழுத்துவிட்டார். நெட்டா பெட்ரோல் தீரும்வரை ஓட்டினாள். வண்டி தானாக நின்று, ஓடைக்கரைப் புல்லில் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் படியில் அப்பா எல்லோரிடமும், "எங்க நெட்டாவுக்கு நிறுத்தவே மனசு வரமாட்டேங்குது. பெட்ரோல்தான் பாவம், முதல்ல தோத்துப்போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டாவும் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், அது சில்லென்றிருந்தது.

அவளுக்கு நிறுத்த மனசு இருக்கிறது. கால்தான் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் எப்போதும் மாவில் கை வைத்துக்கொண்டுதான் சொல்வாள், நிமிர வேண்டியதில்லை பார்.

அண்ணா, மருத்துவமனையில் நீ என்னிடம் மட்டும் சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா இன்றைக்கும், நீ மேட்டில் பயந்துபோய் வேகத்தைக் குறைத்ததால்தான் விழுந்தாய் என்றே சொல்கிறார். நீ பயப்படவில்லை. வண்டி மேட்டில் அணைந்துவிட்டது. நீ காலை ஊன்றினாய், ஊன்றிய இடத்தில் தரை எட்டவில்லை. பின்னால் வந்த பையனுக்கு நீ கிடந்தது தெரியவில்லை. நடந்தது இவ்வளவுதான். அவர் உன்னைக் கோழை என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாய். பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்தப் பொய்யின் மேல்தான் நெட்டா உட்கார்ந்திருக்கிறாள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அவளுக்கு முதல் பந்தயம். நான் சொன்னால் புத்தகப்புழு பேச்சு. நீ சொன்னால் அவர் கேட்பார். தொலைபேசி மணி அடித்தால் இப்போதும் அவர்தான் முதலில் எழுந்து ஓடுகிறார். வீட்டு எண் மாறவில்லை. கால் எட்டவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல், போதும். தயவுசெய்து, சனிக்கிழமைக்கு முன்.

ஆண்டவர் உன்னைக் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் தங்கை,
அகத்தா

*

ஜூன், வியாழக்கிழமை

அண்ணாவுக்கு,

போன கடிதத்தைப் போலவே இதிலும் எதையும் மறைக்கப்போவதில்லை, உன்னைப் பற்றியதையும் சேர்த்து.

நீ பேசுவாய் என்று தினமும் தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். பந்தயத்துக்கு முந்தைய நாள் உன் பொட்டலம் வந்தது. அப்பா யாரையும் தொடவிடாமல் தானே பிரித்தார். உள்ளே நெட்டாவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ். நல்ல விலை உயர்ந்ததுதான், அடியில் தடித்த ரப்பர் வைத்து ஒட்டச் சொல்லியிருக்கிறாய். கூடவே ஒரு அட்டை: "ஜெயிச்சு வா, குட்டி." வேறு ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தேன், உறையைக் கிழித்தும் பார்த்தேன்.

அப்பா சீட்டை ஒரு விரல் குறைத்தார். நீ பூட்ஸை ஒரு விரல் கூட்டினாய். அண்ணா, நான் உன்னிடம் விரற்கடை அளவு கேட்கவில்லை, ஒரு வாக்கியம் கேட்டேன். அப்பா அந்த அட்டையை எல்லோரிடமும் காட்டினார். "பாத்தியா, கார்னியே சம்மதிச்சுட்டான்!" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு பாலாடைக்கட்டி அடைத்த வெரெனிகிக் கொழுக்கட்டையும் கெட்டிப் பாலேட்டுக் குழம்பும், உனக்குப் பிடித்தது. உன் நாற்காலியைக்கூட யாரோ இழுத்துப் போட்டிருந்தார்கள்.

பந்தயம் நன்றாகத்தான் நடந்தது. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நெட்டா நீலக் கட்டையில் கால் ஊன்றிப் புறப்பட்டாள். கடைசி ஆளாகக் கிளம்பி நாலாவதாக வந்தாள், எத்தனையோ பையன்களைத் தாண்டி. வர்ணனை செய்தவர் ஒலிபெருக்கியில் நம் குடும்பப் பெயரைச் சொல்லி, "யாருப்பா இந்த ஃப்ரீசன் பொண்ணு!" என்று கத்தினார். எனக்கே அழுகை வந்தது, பெருமையில்தான். அதையும் எழுதியாக வேண்டும்.

முடிவுக் கொடி ஆடியதும் எல்லாப் பிள்ளைகளும் வேகத்தைக் குறைத்து வெளிவாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கேதான் அப்பா நின்று அவளைப் பிடிப்பதாக ஏற்பாடு. அப்பா அங்கே இல்லை. கொடிமேடை அருகே ரெம்பெல் அவர் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார், இன்னும் நாலு பேர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டா வாசலைப் பார்த்தாள். யாரும் கை விரித்து நிற்கவில்லை. அவள் மறுபடியும் சுற்றப் போய்விட்டாள்.

நான் வேலியோரமாக ஓடினேன். "அப்பா! வாசலுக்குப் போங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தார். சுற்றியிருந்தவர்களிடம், "சொன்னேன்ல, கொடி ஆட்டினாலும் நிக்கமாட்டா" என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அதற்குள் அடுத்த பந்தயத்துக்குப் பெரிய பையன்கள் கதவருகே வரிசையில் வந்துவிட்டார்கள். கொடிக்காரர் அவளை விலகச் சொல்லி மஞ்சள் கொடியை வீசினார். அவள் விலகினாள். சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டுமென்று வைக்கோல் கட்டுகளைப் பார்த்துத் திருப்பினாள். அவை மழையில் ஊறியிருந்தன. சாய்ந்ததும் சரிந்தன. காலை ஊன்றினாள், உன் பூட்ஸோடு. எட்டவில்லை. வண்டி அவள் காலின் மேல் விழுந்தது, சைலன்ஸர் பக்கம் கீழாக.

முதலில் நான்தான் போய்ச் சேர்ந்தேன். அவள் அழவில்லை. "அப்பா கோவிச்சுக்குவாரா அக்கா?" என்று கேட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. தொடையில் சூட்டுக்காயம். உன் பூட்ஸைக் கத்தரித்துத்தான் கழற்ற முடிந்தது.

மருத்துவமனையில் அப்பா ஐந்து நாளாக நாற்காலியைவிட்டு எழவில்லை. அவள் தலைமுடியை அவரே சீவிவிடுகிறார், எனக்குக்கூட அவ்வளவு மெதுவாகச் சீவத் தெரியாது. செவிலியர் வரும்போதெல்லாம், "நிக்கத் தெரியாத பிள்ளைங்க இவ. நாலாவதா வந்தும் போதலை, இன்னும் ஒரு சுத்து போனா" என்கிறார். நேற்று மருத்துவர் நெட்டாவிடமே கேட்டார், ஏன் நிறுத்தவில்லை என்று. இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நெட்டா அப்பாவைப் பார்த்தாள். அப்புறம், "எனக்கு நிறுத்தப் பிடிக்கலை, அதான்" என்றாள். அப்பா அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

அவர் காப்பி வாங்கப் போனதும் அவளை உலுக்காத குறையாகக் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஒன்றும் புரியாத சின்னப் பிள்ளை நான்தான் என்பது போல. "கால் எட்டலைன்னு சொன்னா அவர் முகம் எப்படி ஆகும்னு யோசிச்சுப் பாத்தியா?" என்றாள். பத்து வயது, அண்ணா. நீ பதினைந்து வயதில் கற்றதை அவள் பத்திலேயே கற்றுவிட்டாள்.

இனி இந்த வீட்டில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உன்னைவிட்டால் யாருமில்லை. பொட்டலம் எதுவும் அனுப்பாதே. எழுதவும் வேண்டாம், அவர் அதைப் பெருமையாக எல்லோருக்கும் படித்துக்காட்டுவார். நீயே வா. வாசலில் நின்று உன் காலைக் காட்டிச் சொல். அவர் முகம் எப்படியும் ஆகட்டும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நெட்டாவின் கட்டு பிரிப்பதற்குள் வா. வழியில் ஆண்டவர் உனக்குத் துணை இருக்கட்டும். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை அவர் மன்னிக்கட்டும்.

இன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலே கருவிக் கொட்டகைக்குப் போனார். இவ்வளவு நேரமும் அங்கிருந்து சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது, நெட்டாவின் வண்டியில் வளைந்த கைப்பிடியை நிமிர்த்தினார். இப்போது சத்தம் நின்றுவிட்டது. ஒருமுறை என்ஜினை உறுமவிட்டுப் பார்த்தார், நன்றாகவே ஓடுகிறது. கொட்டகையின் விளக்குகளை அணைத்துவிட்டார்.

உன் தங்கை,
அகத்தா