பேதுரு வேஷம் அவளுக்கு இல்லை

அன்புள்ள நர்சம்மா,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. வழக்கம்போல் 'இங்கே எல்லாரும் சுகம்' என்று எழுதப் போய் நிறுத்திவிட்டேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் சிட்டு இப்போது என் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள். பயப்படும்படி உயிருக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்துகொண்டு படி. ட்யூட்டியில் போனை லாக்கரில் பூட்டிவிடுவாய் என்று தெரியும். பூட்டாவிட்டாலும் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் மெயில்.

இன்று ஞாயிறு வகுப்பில் யோவான் பதின்மூன்றாம் அதிகாரம். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற இடம். வாரம் முழுக்க அடுப்பு மேடையில்கூடப் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தேன். சீஷர்களில் பேதுரு மட்டும் ஏன் தன் காலைக் கழுவ வேண்டாம் என்றான்? கூச்சம், மரியாதை, பிடிவாதம் என்று மூன்று காரணம் குறித்துவைத்திருந்தேன். பெரிய ஆராய்ச்சி!

சும்மா விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று நடித்தே பார்க்கலாம் என்றேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரோடு நான் தரையில் உட்கார்ந்தேன். பேதுரு வேஷம் என் வீட்டு வாலுவுக்கு. அவளுக்கு ஏழு வயது வாய் அல்ல, எழுபது வயது வாய் என்று உனக்கே தெரியும். வரிசையாகக் கழுவிக்கொண்டு வந்தேன். சிட்டுவின் முறை வந்ததும் அவள் இரண்டு கால்களையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "என் காலைக் கழுவ வேண்டாம் சித்தி, எப்பவுமே வேண்டாம்" என்றாள்.

நான் கை தட்டினேன்டி. பிள்ளைகளும் தட்டினார்கள். "அம்மா, அது என்னோட டயலாக்! இவ திருடிட்டா!" என்று என் மகள் குதித்தாள். பேதுருவே தோற்றான் போ என்று சிரித்துக்கொண்டே நான்தான் சிட்டுவின் சாக்ஸை உருவினேன்.

உள்ளங்கால் முழுக்கக் கோடு கோடாகத் தடிப்பு. சில மஞ்சளாகி மங்கிப்போனவை. சில கன்றிச் சிவந்து, புதிதாக. என் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. என் காதருகே குனிந்து, "சாக்ஸ் கழட்டினேன்னு பெரியம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். அதற்குள் என் மகள், வசனம் பறிபோன ஆத்திரத்தில், "அப்படின்னா என் தலையையும் கழுவுங்க" என்று பேதுருவின் அடுத்த வசனத்தைச் சொல்லிப் பேசினுக்குள் தலையைக் கவிழ்த்துவிட்டாள். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் சாக்ஸை மறுபடி மாட்டிவிட்டேன்.

ஆமாம், உன் அக்காதான். உன் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு உங்கள் இருவரையும் தாங்கின, வேலைக்காக நீ ஊரைவிட்டுப் போனபோது சிட்டுவை நம்பி ஒப்படைத்த அதே அக்கா. பாடல் குழுவில் அவர் பாடினால் கண் கலங்குகிறவள் நான். எழுதும்போதே நம்ப முடியவில்லை. வகுப்பு முடிந்து அழைத்துப்போக வந்தவர், "ஈரத்துல சளி பிடிக்கும்டா செல்லம், சாக்ஸைக் கழட்டலையே?" என்று கேட்டார். இத்தனை மாதமாக அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். நாடகத்துக்கு ஒத்திகை இருக்கிறது, இன்று இங்கேயே தங்கட்டும் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். காலையில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார்.

சாப்பிட வைத்துக் கேட்டேன். படுக்கையை நனைத்தால் ஸ்கேலால் அடியாம். உள்ளங்காலில் அடித்தால் பள்ளிக்கூடத்தில் தெரியாதாம். நீ பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே நிற்பாராம். "நீ சொல்லி அம்மா அழுதா, அம்மாவுக்கு வேலை போயிடும்" என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

தெருமுனை டாக்டரம்மாவிடம் காட்டினோம். எலும்பில் அடி இல்லை, மருந்து போட்டிருக்கிறார். ஆனால், "குழந்தைகள் நலத் துறைக்கு நான் எழுதித்தான் ஆகணும்மா, இதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியாது" என்றார். என் வீட்டுக்காரர் முதலில், "அவங்க குடும்ப விஷயம், நாளைக்கு அக்கா தங்கச்சி ஒண்ணாயிடுவாங்க, நாமதான் கெட்டவங்க ஆவோம்" என்றார். பிறகு காலைப் பார்த்தார். எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டார். கடைசியில், "நாளைக்கு நான் லீவு. காலையில கதவை நான் திறக்கிறேன்" என்றார்.

ஆனால் பெற்றவளின் வார்த்தை இல்லாமல் நாங்கள் எவ்வளவு நேரம் வாசலை மறித்து நிற்க முடியும்? 'என் மகள் உன்னிடமே இருக்கட்டும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பு. உன் அக்காவுக்கு முதலில் போன் பண்ணாதே. அவர் சொல்லும் விதத்தில் நீ நம்பிவிடுவாய். நேற்றுவரை நானே நம்பியிருப்பேன். என்மேல் கோபம் வந்தால் பிறகு ஆசைதீரத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

எத்தனை மணியானாலும் கூப்பிடு. போனைச் சிட்டுவின் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அவள் இன்னும் தூங்கவில்லை. மெத்தை நனைந்துவிடும் என்று தரையில் துண்டை விரித்துச் சுருண்டு கிடக்கிறாள். நனைந்தால் துவைத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அம்மா சொன்னா ஏறிப் படுக்கிறேன்" என்கிறாள்.

ஆண்டவர் உனக்குப் பெலன் தருவாராக. மெத்தையில் ஏறிப் படு என்று அவளிடம் நீ சொல்.

உனக்காகக் காத்திருக்கும்,
வாலுவின் அம்மா