பந்தைக் கொடுக்காமல் வைத்திருந்த மூன்று நிமிடம்

பூசான், சாஜிக்
செப்டம்பர் 24

அன்பு மகள் சோதாமுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நலம் என்ற சொல்லைக் கிழியாமல் எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவு இழுத்துத்தான் எழுதுகிறேன். உனக்கு அங்கே அடங்கிய கடலும் வேளைக்குப் பசியும் படுத்தவுடன் தூக்கமும் அமையட்டும். நீ குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன துறைமுகப் பட்டியலின்படி அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி வால்பரைசோ சேர்கிறாய். மூன்று வாரத்தில் போய்விடும் என்று தபால் நிலையப் பெண் சொன்னாள், அதனால் உனக்கு முன்னால் இந்தக் கடிதம் கப்பல் முகவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இங்கே வெயில் தணிந்துவிட்டது. உன் அத்தை நெத்திலிக் கருவாடு ஒரு பெட்டி அனுப்பினாள், ஒரு பெட்டி என்றால் நாங்கள் இருவரும் சாகும்வரை. கிம்ச்சி வைக்கும் குளிர்பெட்டி மறுபடி உறுமுகிறது, தட்டினால் நிறுத்துகிறது. கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன், எடுக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

நீ டர்பனில் இருந்து கூப்பிட்டபோது கேட்டாயே, அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா என்று, அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பிப்ரவரியில் அவளுக்கு மூளையில் ரத்தம் அடைத்தது, மூன்று வாரத்தில் நீ கப்பல் ஏறினாய், அதுமுதல் நீ எந்தத் துறைமுகத்தில் இருந்து கூப்பிட்டாலும் அவள் எழுந்து பால்கனிக்குப் போய் இன்னும் காயாத துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, கடலில் இருந்து இறங்கி வந்துவிடட்டுமா என்றாய். கோபம் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு முப்பத்தாறு வருட அனுபவம். இது வெட்கம். சந்தையில் தொடுகறிக் கடை போட்டு, தெருமுனையில் போகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முள்ளங்கியை அவன் கையில் திணித்தவள். கை கால் தேறிவிட்டது, நாம் பேசுவது முழுக்கப் புரிகிறது, நெத்திலியில் உப்பு கூடுதல் என்று முகத்தாலேயே சொல்லிவிடுகிறாள், சொல் மட்டும் வாய்க்கு வரவில்லை. பெற்ற மகளிடம் ஆ, ஊ என்று சொல்வதைவிட ஈரத்துணி மடிப்பது மேல் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அவள் குரல் திரும்பாவிட்டால் நீ கடலை விட்டுவிடுவாய், அப்படி விட்டால் அவள் தன்னை மன்னிக்கமாட்டாள். இந்தக் கணக்கை நான் ஏழு மாதமாகத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். பயிற்சி தரும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. ஆப்பிள், குடை, செருப்பு என்று படங்களைக் காட்டிச் சொல்லச் சொல்கிறாள். உன் அம்மா ஆப்பிள் படத்தைப் பார்த்துவிட்டு, அளவுக்கு மேல் பேரம் பேசும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் அந்தப் பெண்ணைப் பார்க்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யோசித்துப் பேசும் பேச்சு ஒரு பக்கம் என்றால் வருடக்கணக்காக வாய் தானாகச் சொல்லிப் பழகியது, பாட்டு, எண்ணிக்கை, கும்பலாகக் கத்துவது, அதெல்லாம் வேறு பக்கம், சில பேருக்கு அது மட்டும் கெடாமல் தப்பித்துக்கொள்ளும், அம்மாவுக்கு வாய் நன்றாகப் பழகிய இடம் எது என்று கேட்டாள். கடை என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் கடையில் சொல்லில்லாமல் நிற்க அவள் சம்மதிக்கமாட்டாள். அதனால் அவள் வருடக்கணக்காகப் போய்க் கத்திய பேஸ்பால் அரங்கம் என்றேன். சொன்ன பிறகுதான் யார் அழைத்துப் போவது என்ற கேள்வி வந்தது.

உன் அப்பாவுக்கும் பேஸ்பாலுக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான், ஒருவன் பந்தை வீசி இன்னொருவன் அடிக்காமல் நிற்பதைப் பார்க்க எனக்குத் தனியாக ஆசை எழவில்லை. பதுக் என்ற நம் பலகை ஆட்டத்தின் புதிர்ப் புத்தகத்தோடு போய் அவள் பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான். இருந்தும் மறக்க முடியாத ஆட்டம் என்று இந்த ஊர்க்காரன் எதைச் சொன்னாலும் அங்கே நான் இருந்திருக்கிறேன், சலவைக்கடை தக்சூவுக்கு இதில் என் மேல் தீராத வயிற்றெரிச்சல். பெண் பார்த்து முடிந்த அடுத்த வாரம் உன் அம்மா என்னை வரச்சொன்னது ஒன்பது சுற்றில் முடிய வேண்டியது மழையில் பதினைந்து சுற்றுப் போன ஆட்டத்துக்கு. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது, நாற்பது புதிர் முடித்தேன், கல்யாணத்துக்குச் சரி என்றேன். இன்னொன்று ஒன்பது ஓட்டம் பின்தங்கியிருந்து ஜெயித்த ஆட்டம். ஆறாவது சுற்றில் பேருந்தில் கூட்டம் ஏறுமுன் கிளம்பலாம் என்று நான்தான் அவளை எழுப்பிக் கூட்டி வந்தேன். பேருந்தில் ஓட்டுநரின் வானொலியில் ஒவ்வொரு ஓட்டமாக வந்தது. இறங்கும்போது பேருந்து முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவள் வாய் திறக்காமல் இருந்ததில் அதுதான் நீளம் என்று இந்தப் பிப்ரவரிவரை நினைத்திருந்தேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு மதியம் இரண்டு மணி ஆட்டத்துக்குப் போனோம். உன் அம்மாவுக்கு விருப்பமில்லை, தலையை ஆட்டினாள், பிறகு தானே முட்டை வேகவைத்தாள். அடித்தவன் முதலில் ஓடிப்போய் மிதிக்கும் முதல் தளத்துப் பக்கம், அவள் வழக்கமாக உட்காரும் பகுதி. சுற்றிலும் பாடினார்கள், கைதட்டினார்கள், ஒவ்வொரு ஆட்டக்காரன் வரும்போதும் அவன் பேரை இழுத்துக் கத்தினார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள், உதடு ஒட்டியபடியே இருந்தது. ஐந்தாவது சுற்றுவரை நான் புதிரைப் பார்ப்பதுபோல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நிஜமாகவே புதிரைப் பார்த்தேன், ஏனென்றால் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, போய்விட்ட முகத்தை அவள் பார்க்க வேண்டாம்.

ஏழாவது சுற்றில் எவனோ அடித்த பந்து கோட்டுக்கு வெளியே எழும்பி, பின் இருக்கையின் முதுகில் மோதி, என் மடியில் விரித்திருந்த புத்தகத்தில் வந்து விழுந்தது. எழுபத்து நான்காம் பக்கம் கிழிந்தது. எனக்கு அடி இல்லை. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை, பெரியவர் கைக்குப் பந்து வந்தால் அரங்கம் முழுக்க ஒரே குரலில் பிள்ளைக்குக் குடு என்று கத்தும், கொடுத்தே ஆகவேண்டும். நீ ஐந்து வயதில் அப்படி ஒன்று வாங்கி நாய்க்குப் போட்டாய். இப்படிக் கத்துவதில் உன் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது, முப்பது வருடமாக யார் யாரிடமோ இருந்து பந்தைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு முன்வரிசையில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று கரடிக் காது வைத்த பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பி நின்றது. பந்தை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன், கூட்டம் முதல் முறை கத்தியதுமே எடுத்து நீட்டினேன், கை பாதி தூரம் போயிருக்கும், உன் அம்மா இருந்த இடது பக்கத்தில் இருந்து கு என்று ஒரு ஓசை வந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு துருத்தண்ணீர் வரும், அப்படி வந்தது. திரும்பினேன். கூட்டம் இரண்டாம் முறை கத்தியது. அவளும் கத்தினாள், "குடு" என்றாள், தெளிவாக.

நான் கையை இழுத்துப் பந்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

சோதாம், இதை யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கொடுத்துவிட்டால் கூட்டம் நிறுத்திவிடும், கூட்டம் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது. மூன்று முறை கத்தி முடிக்கிறவர்கள் நான் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்து நான்காம் முறை கத்தினார்கள், ஐந்தாம் முறை எதிர்ப்புறம் மூன்றாம் தளத்துப் பக்கத்தில் இருந்த எதிரணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய திரையில் என் முகம் வந்தது, என் தொப்பி கோணலாக இருந்தது. ஆரவாரத்தை நடத்தும் தம்பி ஒலிபெருக்கியில், "ஐயா, சாம்பல் தொப்பி ஐயா, நாங்கல்லாம் நாளைக்கு வேலைக்குப் போவணும்" என்றான். பின்னாலிருந்து ஒருவர், "யோவ், அதை வறுத்துத் திங்கவா போற?" என்றார். இந்தச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் உன் அம்மா ஒவ்வொரு முறையும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தினாள். ஏழாம் முறை பிள்ளைக்கு என்பதும் வந்துவிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் என்னைக் கொன்றுவிடும் கோபம், முப்பத்தாறு வருடத்தில் அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. முன்வரிசைப் பிள்ளையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. நான் குனிந்து, தாத்தா தருகிறேன், கொஞ்சம் பொறு கண்ணு என்றேன். எவ்வளவு நேரம் என்று அது கேட்டது. பாட்டி பேசி முடிக்கட்டும் என்றேன். சரி என்று உட்கார்ந்துகொண்டது, அந்தப் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் ஒரு காரணம்தான்.

பதினோரு முறை. மீட்டர் பார்த்தவன், எண்ணாமல் இருக்க முடியாது. அதற்குமேல் கூட்டத்துக்கே அலுத்துவிட்டது, ஊ என்று கூவிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பினார்கள். அரங்கம் அடங்கியபின் உன் அம்மா என் தோளில் ஒரு அடி வைத்து, கூட்டத்தின் துணை இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "குடு" என்றாள். கோபத்தில்கூடக் குடுங்க என்று எனக்கு மரியாதை குறைக்காதவள். நான் பிள்ளையிடம் பந்தைக் கொடுத்தேன். யார் ஜெயித்தார்கள் என்று வழக்கம்போல் தெரியாது. வரும் வழியெல்லாம் அவள் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் படம் எல்லார் கைபேசியிலும் வந்துவிட்டது. எனக்குப் பந்துத் திருடன் தாத்தா என்று பேர். கடைக்குப் போனால் பிள்ளைகளைத் தாய்மார் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார்கள். தக்சூ என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, உங்க துணிக்குப் பெட்டி போடுறதா வேணாமான்னு சங்கத்துல பேசிக்கிட்டிருக்கோம்" என்கிறான். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அவளுக்கு வாய் போனது சந்தையில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது, கடையை மூடி ஓய்வெடுக்கிறாள் என்று நினைக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். உன் கப்பலிலும் யாராவது காட்டினால் அது உன் அப்பா இல்லை என்று சொல்லிவிடு, தொப்பி மறைக்கிறது, நம்புவார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். உப்பு, கத்தரிக்கோல், கண்ணாடி, தொலைக்காட்சியின் பொத்தான் பெட்டி, எல்லாம் குடு. நான் எழுந்து எழுந்து கொடுக்கிறேன், முட்டி வலிக்கிறது, ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை. பயிற்சிப் பெண் தன் நோட்டில் அந்தச் சொல்லை எழுதி அடிக்கோடு போட்டாள், ஒன்று வந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம், மற்றதற்கு உத்தரவாதம் இல்லை, நெருக்காதீர்கள் என்றாள். ஆப்பிள் படத்துக்கும் குடு என்கிறாள், அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை நீ சாந்தோஸ் துறைமுகத்தில் இருந்து கூப்பிட்டாய். கப்பல் கிளம்ப ஐந்து நிமிடம் என்றாய், நான் நெத்திலிக் கருவாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், நடுவில் என் பேச்சு நின்றுவிட்டது, அப்பா, அப்பா என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, தொடர்பு அறுந்தது என்று நீ வைத்துவிட்டாய். தொடர்பு அறுந்துபோகவில்லை. உன் அம்மா பால்கனியில் இருந்து துணியைப் போட்டுவிட்டு வந்து என் எதிரில் நின்று கையை நீட்டிக் குடு என்றாள். நான் பழக்கதோஷத்தில் மேசையைத் துழாவினேன், கண்ணாடியை எடுத்து நீட்டினேன், கத்தரிக்கோலை நீட்டினேன். அவள் என் காதுப் பக்கம் கையைக் கொண்டுவந்த பிறகுதான் புரிந்தது. கொடுத்தேன், அதற்குள் நீ இல்லை. சத்தமில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திருப்பி அழைத்தேன், நீ கடலுக்குப் போய்விட்டாய். அன்று நான் அழுதேன், சொன்னால் நம்பமாட்டாய் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வேலையை விடாதே. மேல்தளத்தில் காற்றில் நிற்கும்போது காதை மூடிக்கொள், பல் வலியைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் தள்ளிப்போடாதே, சமையல்காரர் எதை வைத்தாலும் சோறு கொஞ்சம் கூடவே சாப்பிடு. போகிற கடலெல்லாம் உனக்கு வழி விடட்டும், நீ நூறு வயது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நானும், வாய்க்குள் உன் அம்மாவும் வாழ்த்துகிறோம். வால்பரைசோ சேர்ந்ததும் மறக்காமல் கூப்பிடு. ஒரு சொல்தான் வரும், என்ன வேண்டும் என்று கேட்காதே, நீ பாட்டுக்குப் பேசு. இந்த முறை போனை நான் எடுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ப்யோ கிதே