பட்டுத்துணியில் வடிகட்டிய போர்ட்

12.8.2001, ஞாயிறு

பட்டு வணிகன் தேவராஜ் ஆகிய நான், இன்று செய்த பிழையை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

நானும் நண்பர் ஞானமணியும் சென்னை ஏலத்தில் கூட்டாக எடுத்த நாற்பதாண்டுப் பழைய போர்ட் ஒயினை இன்று திறந்தோம். வண்டலை நீக்க, கடையிலிருந்த வெண்பட்டுத் துண்டில் வடிகட்டினேன். பசை போகச் சோப்பில் வேகவைத்த பட்டு அது. சரியாக அலசப்பட்டதா என்று நான் பார்க்கவில்லை.

ஞானமணி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"என்னாங்க தேவராஜ், இத்த குடிச்சா வயிறு வெளுத்துடும்! ஏலக்காரன் சோப்புத் தண்ணிய வித்துகினு கீறான். காலைல புகார் எழுதறேன், நீங்களும் கையெழுத்து போடுங்க."

நானும் சரியென்று தலையசைத்துவிட்டேன்.

அவர் போன பின், புட்டியில் வடிகட்டாமல் எஞ்சியதைச் சுவைத்தேன். உலர்ந்த அத்திப்பழம்போல் இனித்தது. ஏலக்காரர் ஏமாற்றவில்லை.

நான் கையெழுத்திடமாட்டேன். கடிதம் தபாலில் சேருமுன் ஞானமணி வீட்டுக்குச் சென்று, ஒயினைக் கெடுத்தவன் நானே என்று சொல்லிவிடுவேன்.